வேர் மட்டும் மிஞ்சிய மலைத்தொடர்: சேலம், நாமக்கல் பாறைகளில் கண்டத்தட்டுகளின் நகர்வு

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது. திரையில் காட்டிய படங்களை ஒட்டிப் பேசிய பகுதிகளும் கேள்வி நேரமும் இதில் இல்லை.)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "மலைத்தொடரில் பாறைக்குழம்பு எப்படி உண்டாகிறது என்று பேசுவதற்குச் சேலம்தானா கிடைத்தது? இங்கே எரிமலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் போகிறவர் கண்ணில் படுவது சமவெளி, நடுநடுவே கரடுகள், கிழக்கே கொல்லிமலை, கோழிப்பண்ணைக் கொட்டகைகள். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

நான் இன்று நிறுவ முயல்வது ஒரே ஒரு கருத்து. ஒரு மலைத்தொடரில் எந்த வகைப் பாறைக்குழம்பு உண்டாகும், எவ்வளவு உண்டாகும், அல்லது உண்டாகவே உண்டாகாதா என்பதைத் தீர்மானிப்பது அங்கே கண்டத்தட்டுகள் நகரும் விதம். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்ந்தால் ஒரு வகைக் குழம்பு, கண்டம் கிழிந்தால் வேறு வகை, இரண்டு கண்டங்கள் மோதினால் மற்றொரு வகை. இந்த மூன்றுக்கும் சாட்சி சேலம், நாமக்கல், அவற்றின் சுற்றுவட்டார மாவட்டங்களுக்குள்ளேயே கிடக்கிறது. அதுவும் ஆண்டிஸ் மலையில் வேலை செய்யும் நிலவியலாளர் தன் ஆயுளில் பார்க்க முடியாத ஆழத்திலிருந்து வந்த சாட்சி. அவருக்குக் கிடைப்பது மலையின் மேற்பகுதி. நமக்கு மேற்பகுதி எப்போதோ கரைந்து போய்விட்டது. வேர் வெளியே தெரிகிறது.

1. பாறை எதனால் உருகுகிறது

பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. மேலே மெல்லிய ஓடு, கீழே கொதிக்கிற குழம்புக் கடல், ஓட்டில் விரிசல் விட்டால் குழம்பு பீறிட்டு வரும். இது தவறு. மேலோட்டுக்குக் கீழே, ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை உள்ள கவசம் திடப் பாறை. திரவத்துக்குள் புக முடியாத குறுக்கு நிலநடுக்க அலைகள் அதைத் தாராளமாகக் கடந்து வருகின்றன. அத்தனை சூட்டிலும் அந்தப் பாறை உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். பாரம் கூடக் கூட, உருகுவதற்கு வேண்டிய வெப்பமும் கூடும்.

அப்படியானால் பாறை உருக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அழுத்தம் குறைய வேண்டும்: தட்டுகள் விலகும் இடத்தில் கீழேயிருந்து மேலே ஏறும் பாறை, சூடு குறையாமலே பாரம் மட்டும் குறைந்து உருகும். நடுக்கடல் மலைத்தொடர்களில் நடப்பது இது. இரண்டு, நீர் சேர வேண்டும். மூன்று, மேலோடு தடித்துத் தன் கதிரியக்கச் சூட்டிலேயே வெந்து உருக வேண்டும். மூன்றையும் நிகழ்த்துவது தட்டுகளின் நகர்வுதான். விதிவிலக்கு உண்டு. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காணத்து எரிமலைப் பெருவெடிப்பைத் தட்டின் ஓரத்தோடு முடிச்சுப் போட முடியாது. அது கவசத்தின் ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத் தூணின் வேலை என்பது பெரும்பான்மைக் கருத்து. அதை இன்று ஒதுக்கி வைக்கிறேன்.

இரண்டாவது வழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாமக்கல்லின் கதை அதில்தான் தொடங்குகிறது. குல்ஃபி விற்பவர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்ததும் பனிக்கட்டி, அது உருக வேண்டிய வெப்பநிலைக்கு வெகு கீழேயே உருகுகிறது. கவசப் பாறைக்கு நீர் செய்வதும் அதே வேலை. 100 கி.மீ. ஆழத்தில் காய்ந்த கவசப் பாறை உருக 1,500 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். போதிய நீர் சேர்ந்தால் 1,000 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். அந்த ஆழத்துக்கு நீர் போவது எப்படி? கடல்தளத் தட்டு பல கோடி ஆண்டுகள் கடலடியில் கிடந்து கனிமங்களுக்குள் நீரை ஏற்றிக்கொள்கிறது. அது இன்னொரு தட்டின் கீழே அமிழும்போது அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து மேலே உள்ள கவசத்துக்குள் விடுகின்றன. அங்கே குழம்பு பிறக்கிறது. எரிமலைகள் கடற்கரையை ஒட்டி, ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அமிழும் தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே அந்த வரிசை அமைகிறது.

ஆண்டிஸைப் பாருங்கள். அங்கே நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவின் கீழே ஆண்டுக்கு ஏறத்தாழ 7 செ.மீ. வேகத்தில் போகிறது. ஆனால் எரிமலை வரிசை தொடர்ச்சியாக இல்லை. பெருவின் பெரும்பகுதியிலும், மத்திய சிலியில் ஒரு நீண்ட பகுதியிலும் இன்று உயிருள்ள எரிமலை கிடையாது. மலை இருக்கிறது, உயரமும் இருக்கிறது, அமிழ்தலும் நடக்கிறது, குழம்பு மட்டும் இல்லை. அங்கே தட்டு செங்குத்தாக இறங்காமல் மேல்தட்டின் வயிற்றை உரசிக்கொண்டு கிட்டத்தட்டப் படுக்கையாகப் போகிறது. நடுவில் உருகுவதற்குச் சூடான கவசம் மிச்சமில்லை. அமிழும் கோணம் மாறினால் எரிமலை அணைந்துவிடுகிறது. தட்டின் நகர்வுதான் குழம்பை ஆள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகத்திலும் நடத்த முடியாது.

இமயமலை இன்னொரு பாடம். இந்தியா ஆசியாவோடு மோதுவதற்கு முன், டெத்திஸ் கடல்தளம் ஆசியாவின் கீழே அமிழ்ந்துகொண்டிருந்தது. அப்போது பிறந்த குழம்பு உறைந்ததுதான் லடாக் கிரானைட். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் கடல் தீர்ந்து கண்டமும் கண்டமும் முட்டின. நீர் கொண்டுபோகும் தட்டு நின்றுபோனது, எரிமலையும் நின்றது. பிறகு, 2 கோடி ஆண்டு அளவில், தடித்த மேலோடே உள்ளுக்குள் உருகி வெளிறிய கிரானைட்டாக இமயத்தின் உள்ளே புகுந்தது. ஒரே மலைத்தொடர், இரண்டு நகர்வுகள், இரண்டு வகைக் குழம்புகள்.

2. சித்தம்பூண்டியின் வெள்ளைக் கல்

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியையும் குன்னமலையையும் இன்று பலருக்குத் தெரியும். சந்திரயான் திட்டங்களுக்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது கல் இங்கிருந்துதான் போனது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் அதில் பங்கு கொண்டார்கள். இறங்கு கலத்தின் கால்களையும் உலாவியின் சக்கரங்களையும் சோதிக்கப் பல பத்து டன் மண் தேவைப்பட்டது. நிலவின் வெளிறிய மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை. சித்தம்பூண்டியிலும் அதே பாறை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய பிறகு, உலாவி அளந்த மண்ணும் அந்த வகைப் பாறையோடு ஒத்துப்போனது.

நாளிதழ்கள் இதை "நாமக்கல்லில் நிலவு மண்" என்று எழுதின. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு நிலவியலாளனுக்கு அதைவிட ருசியானது இரண்டு கற்களுக்கும் உள்ள வேறுபாடு.

அனார்த்தோசைட் என்பது பெரும்பாலும் பிளஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமத்தால் ஆன பாறை. நிலவு பிறந்த சூட்டில் அதன் மேற்பரப்பு முழுவதும் குழம்புக் கடலாக இருந்தது. அதில் படிகமான பிளஜியோகிளேஸ் எடை குறைவு என்பதால் மிதந்து, மேலே சேர்ந்து, ஓடாக உறைந்தது. அங்கே தட்டும் இல்லை, அமிழ்தலும் இல்லை, அந்தக் கல்லில் சொல்லும்படி நீரும் இல்லை.

சித்தம்பூண்டிக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமான தளம். அதில் கறுப்புத் திட்டுகள். அவை ஹார்ன்பிளெண்ட். சில துண்டுகளில் அந்தக் கறுப்பின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு மணிகளாகக் கார்னெட். ஹார்ன்பிளெண்ட் தன் படிகக் கூட்டுக்குள்ளேயே நீரை வைத்திருக்கும் கனிமம். இரண்டாவது தடயம் வெள்ளைக் கனிமத்துக்குள் இருக்கிறது. இங்குள்ள பிளஜியோகிளேஸில் கால்சியம் அசாதாரணமாக அதிகம். ஆய்வகங்களில் குழம்பை உறைய வைத்துப் பார்த்தவர்கள், குழம்பில் நீர் அதிகமானால் பிளஜியோகிளேஸில் கால்சியமும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது, அனார்த்தோசைட் அடுக்குகளுக்கு நடுவே ஓடும் குரோமைட் பட்டைகள். இவை மூன்றும் சேர்ந்து காட்டுவது நீர் நிறைந்த குழம்பை. அத்தகைய குழம்பு பெருமளவில் பிறக்கும் இடம் தட்டு அமிழும் இடம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. இந்தப் பாறை பிறந்த பின் மறுபடி ஆழத்தில் வெந்திருக்கிறது. ஹார்ன்பிளெண்டில் ஒரு பகுதி அப்போது உருவானதாக இருக்கலாம். ஒரு கனிமத்தை மட்டும் நம்பியிருந்தால் நானும் தயங்குவேன். ஆனால் கிரீன்லாந்தின் ஃபிஸ்கனேசெட்டிலும் இதே கூட்டணிதான்: கால்சியம் மிகுந்த பிளஜியோகிளேஸ், ஹார்ன்பிளெண்ட், குரோமைட். அங்கேயும் ஆய்வாளர்கள் அமிழ்தலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு கண்டங்களில் ஒரே தற்செயல் நிகழ்ந்தது என்று சொல்வதைவிட ஒரே காரணம் என்று சொல்வது எளிது.

இந்தக் கல்லை உலகத்துக்கு முறையாக அறிமுகம் செய்தவர் நம் நாட்டவர், ஏ.பி.சுப்பிரமணியம். அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் 1956-இல் அவர் எழுதிய கட்டுரை சித்தம்பூண்டியைச் சேலம் மாவட்டத்து ஊராகக் குறிப்பிடுகிறது. நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. கண்டத்தட்டுக் கோட்பாடே பிறக்காத காலம் அது. அவர் அடுக்கடுக்காக வரைந்து வைத்ததைத்தான் பின்னால் வந்தவர்கள் அமிழ்தல் என்ற கண்ணாடி போட்டுப் படித்தார்கள். நல்ல களப்பணி, கோட்பாடு வரும்வரை காத்திருக்கும். சிர்க்கான் படிகங்களில் யுரேனியம்–ஈயம் முறையில் அளந்தபோது சித்தம்பூண்டிக் குழம்பின் வயது ஏறத்தாழ 254 கோடி ஆண்டு என்று கிடைத்தது.

3. கொல்லிமலையும் சேர்வராயனும்: குழம்பு தங்கிய ஆழம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, புதிதாக வெட்டிய சாலையோரப் பாறையைக் கவனியுங்கள். கருநீலமும் பச்சையும் கலந்த நிறம், எண்ணெய்ப் பசையோடு ஒரு மினுமினுப்பு. அதே பாறை வெயிலிலும் மழையிலும் கிடந்த இடத்தில் பழுப்பேறியிருக்கும். ஊரில் கருங்கல் என்போம். கிரஷரில் உடைத்தால் புளூ மெட்டல் ஜல்லி. நிலவியலில் சார்னோகைட். கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும், பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளும் ஒரே இனம் என்று கண்டு தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். 1900-இல் அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கத் தக்கது. சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடும் பெரும்பாலும் இதே கல்தான்.

சார்னோகைட்டில் ஆர்த்தோபைராக்சின் என்ற கனிமம் இருக்கிறது. அது நிலைக்க வேண்டுமானால் நீர் குறைவாகவும் வெப்பம் 750 டிகிரிக்கு மேலாகவும் இருக்க வேண்டும். சேலம் வட்டாரப் பாறைகளில் உள்ள கனிமங்களை வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டால் குறைந்தது 30 கி.மீ. ஆழம் வருகிறது. சில ஆய்வுகள் அதற்கு மேலும் சொல்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே சேலம் நோக்கி வர வர இந்த ஆழம் கூடிக்கொண்டே போகும். அதாவது மேலோடு சாய்ந்து கிடக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே காரில் வருகிறவர் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார், சுங்கம் கட்டி.

வயதைப் பாருங்கள். சேலம் வட்டார சார்னோகைட்டின் சிர்க்கான் படிகங்களுக்கு உட்கரு ஒன்று, அதைச் சுற்றி மேலுறை ஒன்று. உட்கருவின் வயது சுமார் 253 கோடி ஆண்டு. மேலுறை சுமார் 248 கோடி. உட்கரு, குழம்பு உறைந்த காலத்தைக் குறிக்கிறது. அதன் வேதியியல் அமிழ்தல் வட்டாரத்துக் குழம்போடு பொருந்துகிறது. மேலுறை, அதே பாறை ஆழத்தில் மீண்டும் வெந்த காலம். நடுவில் 5 கோடி ஆண்டுகள். லடாக் கிரானைட்டுக்கும் இன்றைய இமயத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மலைத்தொடர் குழம்பை ஏற்றிக்கொண்டு வளர்ந்து, பிறகு நெரிபட்டுத் தடிப்பதற்கு எடுக்கும் காலம் இது. அன்றும் இன்றும் அளவு ஒத்துப்போகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இன்னொரு கணக்கு. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் குப்பம் முதல் பழனி வரை நிலத்தடி அதிர்வலைகளைக் கொண்டு ஆய்ந்தபோது, இந்தப் பகுதியில் மேலோட்டின் தடிமன் 40 கி.மீ.க்கு மேல் என்று தெரிந்தது. மேலே இருந்து கரைந்து போனது 30 கி.மீ. என்றால், அன்று மொத்தத் தடிமன் 70 கி.மீ. இன்று அந்தத் தடிமன் உள்ள இடங்களில் முக்கியமானவை திபெத்தும் ஆண்டிஸின் ஆல்டிப்ளானோவும். இது கச்சாக் கணக்கு. கீழே பிற்காலத்தில் குழம்பு வந்து ஒட்டியிருந்தால் எண் மாறும். ஆனாலும் நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு காலத்தில் திபெத்தைப் போன்ற ஒரு பீடபூமி நின்றிருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. மேலே அரிக்க அரிக்கப் பாரம் குறைந்து வேர் எழும்பி வந்தது. எழும்பியதை மறுபடி மழை அரித்தது. அப்படியே இந்தச் சமவெளி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இன்று நாம் பார்க்கும் கொல்லிமலையும் சேர்வராயனும் அந்தப் பழைய மலைத்தொடரின் சிகரங்கள் அல்ல. அந்தச் சிகரங்களில் ஒரு கல்கூட மிஞ்சவில்லை. இன்றைய மலைகள் வெகு பிற்காலத்து அரிப்புக்குத் தப்பி நிற்கும் கடினப் பகுதிகள். அவற்றின் உச்சியில் இருக்கும் பாக்சைட்டே சாட்சி: மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிப் போன அந்தச் செந்நிறக் கல், சார்னோகைட் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் மக்கியதால் வந்தது. மலையின் வயது வேறு, மலைக் கல்லின் வயது வேறு.

4. கஞ்சமலை: கடல் எங்கே?

அமிழ்தல் என்றால் அமிழ்வதற்கு ஒரு கடல்தளம் வேண்டும். அதற்குச் சாட்சி சித்தர் கோயிலுக்கு மேலே நிற்கிறது. கஞ்சமலையின் காந்த இரும்புக் கல், இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிக் கடலடியில் படிந்த பட்டைகள் வெந்து இறுகியது. அந்தப் பட்டைகள் மலையைச் சுற்றி ஒரு தொட்டி போல மடிந்து கிடக்கின்றன. கூடவே கடல்தளத்துக்கும் அமிழ்தல் வட்டாரத்துக்கும் உரிய கரும்பாறைகளின் வெந்த வடிவங்கள். வாழப்பாடிப் பக்கம் கோதுமலையிலும் இதே காந்தக் கல்தான்.

இந்தக் கல்லை உருக்கிப் பணம் பண்ணலாம் என்று நம்பித்தான் சேலத்தில் கும்பினி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் வேலையை விட்டுவிட்டு 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். பணம் போனது, காந்தக் கல் பேர் பெற்றது. கஞ்சமலையின் அடிவாரத்தில் இன்று சேலம் உருக்காலை இருக்கிறது, ஆனால் அது கஞ்சமலைக் கல்லை உருக்குவதில்லை.

கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் குன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வெட்டும் மேக்னசைட் குழம்பிலிருந்து நேரே வந்ததில்லை. கவசத்தின் பாறையான டியூனைட் மேலே வந்து, கரியமிலவாயு கலந்த நீர் அதன் விரிசல்களில் ஊறி, மக்னீசியத்தைக் கரைத்து வெள்ளை நரம்புகளாகப் படிய வைத்தது. வெள்ளைக்கல்லைத் தேடுபவர்கள் கழித்துக் கட்டும் அந்தப் பச்சை டியூனைட்தான் கவசத்தின் சாட்சியாக எங்களுக்கு வேண்டியது.

250 கோடி ஆண்டுக்கு முன் தட்டுகள் இன்றுபோல் நகர்ந்தனவா என்பதே உலக அளவில் ஓயாத சண்டை. அன்று கவசத்தின் வெப்பம் இன்றைவிட 100 டிகிரிக்கு மேல் அதிகம். தட்டுகள் இளகிப்போய் அமிழ முடியாமல் துண்டு துண்டாக ஒழுகியிருக்கும் என்பது ஒரு சாராரின் வாதம். வேறு இடங்களுக்கு அது சரியாக இருக்கலாம். சேலம், நாமக்கல்லைப் பொறுத்தவரை கடல் படிவு, கவசப் பாறை, நீர் நிறைந்த குழம்பு, பிறகு தடித்த மேலோடு வெந்த தடயம் ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில், சில கோடி ஆண்டு இடைவெளிக்குள் வரிசையாகக் கிடைக்கின்றன. ஒழுகல் கோட்பாடு இவற்றில் ஒன்றிரண்டை விளக்கும். நான்கையும் இந்த வரிசையில் விளக்குவது அமிழ்தல்தான் என்பது என் முடிவு.

5. கிழிந்த கண்டத்தின் குழம்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மலைத்தொடர் எழுந்து கரைந்து வெகுகாலம் கழித்து, சுமார் 80 முதல் 75 கோடி ஆண்டுக்கு முன், ரொடீனியா என்ற பெருங்கண்டம் உடையத் தொடங்கியது. கண்டம் இழுபட்டு மெலியும் இடத்தில் கவசம் கொஞ்சமாகவே உருகும். அந்தக் கொஞ்சக் குழம்பில் சோடியம், பொட்டாசியம், கரியமிலவாயு, அரிய மண் தனிமங்கள் எல்லாம் செறிந்திருக்கும். சேலம் மாவட்டம் பக்கநாட்டிலும் திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூரிலும் இருக்கும் கார்பனடைட் அத்தகையது. பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல் மாதிரி இருக்கும். நெருப்பிலிருந்து பிறந்த கல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏலகிரி மலையின் சைனைட்டும் இதே குடும்பம், இதே காலம். இன்று உலகில் கார்பனடைட் குழம்பைக் கக்கும் ஒரே எரிமலை தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய். அது நிற்பது ஆப்பிரிக்கா கிழிந்துகொண்டிருக்கும் பிளவின் மேல்.

ஒகேனக்கல் கார்பனடைட் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் வயது 240 கோடி அளவில் வருகிறது. பழைய மலை நெரிந்து முடிந்த சிறிது காலத்திலேயே அங்கே ஓர் இழுவை நடந்திருக்க வேண்டும். அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

6. மோதல், அது நடந்த இடம்

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிக்காரர்கள் இந்தியா முழுவதும் துளை போட்டவர்கள். துளையிலிருந்து காற்றோடு வெளியே வரும் கல் மாவின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன கல் என்று சொல்லிவிடுவார்கள். கருஞ்சாம்பல் மாவு வந்தால் சுத்தியலுக்குக் கடும் வேலை. தம் ஊரில் துளை போடும்போது அவர்களுக்குப் பல இடங்களில் வருவது வெளிறிய மாவு. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக் கிரானைட் அது. அதைக் கீறிக்கொண்டு பெக்மடைட் நரம்புகள். வெங்கச்சங்கல்லும் ஃபெல்ஸ்பாரும் காக்காப்பொன்னும் பெரிய பெரிய படிகங்களாக அதில் கிடக்கும். ஃபெல்ஸ்பார் பீங்கான் ஆலைகளுக்குப் போகிறது. இந்தக் கிரானைட் ஒரே மூச்சில் வந்ததில்லை, 80 கோடியிலிருந்து 50 கோடி ஆண்டு வரை பல கட்டங்கள். பிந்திய கட்டம், ஏறத்தாழ 55 கோடி ஆண்டை ஒட்டியது, கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்று சேர்ந்த காலம். ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் இலங்கையும் நெருக்கித் தைக்கப்பட்டபோது தடித்த மேலோடு உள்ளுக்குள் உருகிக் கசிந்த குழம்பு அது. இமயத்தின் வெளிறிய கிரானைட்டோடு ஒப்பிடத் தக்கது.

தையல் எங்கே போகிறது? டிரூரி, ஹோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, பாலக்காட்டிலிருந்து காவிரி வழியாகக் கிழக்கே ஓடும் பெரிய நறுக்குப் பட்டை ஒன்றைக் காட்டினார்கள். மோயாறு, பவானி, சேலம், ஆத்தூர் என்று அதற்கு வடக்கே இன்னொரு கிளை. பின்னால் முசிறிப் பக்கம் மணமேட்டில், சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள கடல்தளத்துத் துண்டு ஒன்று அடையாளம் காணப்பட்டது. அப்படியானால் அங்கே ஒரு கடல் இருந்து மூடியிருக்கிறது, காவிரிதான் கோண்டுவானாவின் தையல் என்று ஒரு கட்சி சொல்கிறது. ஆலன் காலின்ஸ், சந்தோஷ் போன்றவர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்கும் வலுவான சான்று உண்டு. காவிரியைத் தாண்டித் தெற்கே போய் மதுரை நிலப்பகுதியின் வடபுறத்தில் சிர்க்கான் அளந்தால் அங்கேயும் 250 கோடி ஆண்டுப் பாறைகளே வருகின்றன. ஆற்றுக்கு இரு கரையிலும் ஒரே வயதுக் கண்டம் என்றால் நடுவில் தையல் எதற்கு? கோஷ், டி விட், சார்ட்மன் ஆகியோர் 2004-இல் எல்லையை இன்னும் தெற்கே தள்ளி, கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் என்று ஒரு கோடு போட்டார்கள். காவிரிப் பட்டை 250 கோடி ஆண்டுக்கு முன் தைத்த தையல். 55 கோடியில் அது மறுபடி நெரிந்தது, அவ்வளவுதான் என்பது இவர்கள் வாதத்தின் சாரம்.

என் சாய்வு இரண்டாவது கட்சிப் பக்கம். கோண்டுவானா காலத்தில் இங்கே ஒரு பெருங்கடல் அமிழ்ந்து தீர்ந்திருந்தால், சித்தம்பூண்டியையும் கொல்லிமலையையும் போல நீர் நிறைந்த குழம்பு அந்த வயதிலும் ஒரு நீண்ட வரிசையாகக் கிடைக்க வேண்டும். 250 கோடி ஆண்டுக்கு அந்த வரிசை இருக்கிறது. 75 முதல் 55 கோடிக்கு இடைப்பட்ட காலத்துக்குக் காவிரிக் கரையில் நமக்குக் கிடைப்பவை மணமேடு போன்ற துண்டுகளும் சங்ககிரி போன்ற கிரானைட்டுகளும்தான். குழம்பின் வகையிலிருந்து நகர்வை ஊகிக்கலாம் என்பதுதான் நான் தொடக்கத்தில் சொன்னது. அதை இங்கே பொருத்தினால் இந்த விடைதான் வருகிறது. மணமேட்டை வைத்து என்னை மடக்குவதற்கு இடம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வழக்கு தீர வேண்டுமானால் பரமத்தி வேலூர்ப் பாலத்தின் வடகரையில் தொடங்கி, கரூர் தாண்டி, திண்டுக்கல் வரை குறுக்கே ஒரு கோடு போட்டு, இடைவெளி விடாமல் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் சிர்க்கானின் உட்கருவையும் மேலுறையையும் தனித்தனியே அளக்க வேண்டும். பாதி இடங்களில் புதுக் குவாரிகள் திறந்திருக்கின்றன. மக்காத கல் அங்கே கிடைக்கும், குவாரி ஓடும்வரை. வண்டியும் சுத்தியலும் துறையில் இருக்கின்றன. பின்வரிசை மாணவர்களில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.